மாடல் டி-யில் தொலைதூரம் கிளம்புகிறவர்களுக்கு

1908 அக்டோபரில் தொடங்கி 1927 மே வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான கார் ஃபோர்டு மாடல் டி. நான்கு சிலிண்டர், 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன், முன்னுக்கு இரண்டே வேகம். மடக்குக் கூரையும் திறந்த பக்கங்களும் கொண்ட ஐந்து இருக்கை டூரிங் மாடலை எடுத்துக்கொண்டு பல நாள் பயணம் போக நினைப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. கார் ஏற்கெனவே ஓடும் நிலையில் இருக்கிறது, ஊருக்குள் இருபது முப்பது கிலோமீட்டர் போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைதூரத்துக்கு அது போதாது. குறுகிய ஓட்டத்தில் வெளியே தெரியாத கோளாறுகள் மூன்றாம் நாள், மலை இறக்கத்தில் தெரியவரும்.

முதலில் பின் ஆக்சில்

எஞ்சினைத் துடைத்துக்கொண்டு நிற்பதற்கு முன்னால் பின் ஆக்சிலைப் பிரியுங்கள். இந்தக் காரில் பிரேக் என்பதே அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. வலது பெடலை மிதித்தால் கியர் பெட்டிக்குள் சுழலும் டிரம் ஒன்றை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி டிரைவ் ஷாஃப்ட், பினியன் (சிறிய பல்சக்கரம்), கிரவுன் வீல் (அதோடு சேரும் பெரிய பல்சக்கரம்), டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி), ஆக்சில் தண்டு, சாவி (தண்டையும் ஹப்பையும் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் பின்சக்கரத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் பெடல் காலுக்கு வழக்கம்போல உறுதியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது.

விட்டுப்போவது பெரும்பாலும் த்ரஸ்ட் வாஷர், அதாவது பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் வளையம். டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் தொழிற்சாலையில் போட்டது பேபிட் என்ற மென்மையான கலப்புலோக வாஷர். வயதாக ஆக அது வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். உதிர்ந்ததும் கிரவுன் வீல் பக்கவாட்டில் நகர்ந்து பினியனின் பற்களிலிருந்து விலகிவிடும். அந்த நொடியில் எஞ்சின் இழுப்பும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. மிச்சம் இருப்பது பின்சக்கர டிரம்மில் பிடிக்கும் கைப்பிரேக். அது நின்ற காரை நிற்கவைக்கப் போதும், இறக்கத்தில் உருளும் காரை நிறுத்தப் போதாது.

பிரிக்காமல் சோதிக்க வழி உண்டா என்று கேட்பார்கள். ஆக்சில் எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடித்துப் பாருங்கள்; வெள்ளி நிறத்தில் துகளோ செதிலோ மின்னினால் வாஷர் போய்க்கொண்டிருக்கிறது. பின்சக்கரத்தைத் தூக்கி, இரு கையாலும் வெளியே இழுத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினாலும் அதே பொருள்தான். ஆனால் துகள் இல்லை, ஆட்டமும் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. உள்ளே இருப்பது வெண்கல வாஷர்தான் என்பதற்குக் கையில் அத்தாட்சி இல்லையென்றால் பேபிட் என்றே எடுத்துக்கொண்டு பிரியுங்கள். கோக்கும்போது வெண்கலம் போடுங்கள். பிரித்ததே பிரித்தாயிற்று, ஆக்சில் தண்டின் கூம்பு முனையில் கோடு விழுந்திருக்கிறதா, சாவிக்குழி அகன்றிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அந்தக் கூம்பில் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால்தான் சுமை தாங்குகிறது. சாவி துணைக்குத்தான். நட்டு தளர்ந்தால் முழுச் சுமையும் சாவி மேல் விழும். சாவி அறுபடும், இல்லாவிட்டால் தண்டே முறியும். நீளமான ஸ்பேனர் போட்டு இறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் மாட்டி, முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் பின்னை எடுத்துவிட்டு மறுபடி இறுக்குங்கள். கட்டாயம் கொஞ்சம் சுற்றும்.

ஆக்சிலில் கெட்டியான கியர் எண்ணெயை நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்றாதீர்கள். ஓர் அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். அதிகமானது தண்டு வழியே நடந்து பின் டிரம்முக்கு வந்து கைப்பிரேக்கையும் வழுக்க வைத்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் பின்சக்கரத்திலேயே நேராகப் பிடிக்கும் துணை பிரேக் ஒன்று வேண்டும். டிரம்மின் வெளிப்பக்கம் பட்டை சுற்றிப் பிடிக்கும் 'ராக்கி மவுண்டன்' வகை அந்தக் காலத்திலேயே விற்றது, இன்றும் புதிதாகச் செய்து தருகிறார்கள். அதை வலது பெடலோடு இணைப்பார்கள். இரண்டு குறைகளை மனத்தில் வையுங்கள்: நனைந்தால் பிடி குறையும், பின்னோக்கி உருளும்போது பாதிகூடப் பிடிக்காது. மலைக்காகக் கூடுதல் கியர் பெட்டியோ இரட்டை வேக ஆக்சிலோ பொருத்திய கார் என்றால் துணை பிரேக் விருப்பத்துக்கு விட்ட விஷயமே இல்லை. அந்தக் கூடுதல் கியர் நடுநிலையில் சிக்கிக்கொண்டால் பெடல் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோகும்.

ஸ்டியரிங், மரச்சக்கரம்

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். கடைசியில் பிட்மன் கையும் (ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள சிறு கை) அதோடு சேரும் இழுகம்பியும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால், திருப்பத்தில் சக்கரம் ஒரு பக்கமாகப் போய்ப் பூட்டிக்கொள்ளும், திரும்பி வராது; கார் கவிழும். தேய்ந்த புஷ், வளைந்த கை, தவறான நீளத்தில் கம்பி இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் கேட்டைத் தாண்டாதீர்கள்.

முன் ஆக்சிலைப் பின்னோக்கிப் பிடித்திருக்கும் முக்கோணக் கம்பி ஏதோ ஒரு காலத்தில் எதிலாவது மோதி வளைந்திருக்கும். வளைந்தால் ஆக்சிலின் பின்சாய்வு குறையும், நேர்ச்சாலையில்கூடக் கார் அலையும். சாய்வு சுமார் 5 பாகை இருக்க வேண்டும். முன்சக்கரங்களின் உள்நோக்கு, அதாவது அவற்றின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட நெருங்கியிருக்கும் அளவு, 3/16 முதல் 1/4 அங்குலம். பந்து மூட்டுகள் ஒவ்வொன்றிலும் காட்டர் பின் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் கையால் தொட்டு எண்ணுங்கள்.

மரச்சக்கரத்தைச் சோதிக்கக் காதுதான் கருவி. தூக்கிய சக்கரத்தின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். டிக் டிக் என்று கேட்டால் ஆரக்கால் ஹப்பிலோ வெளி வட்டையிலோ தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் மரம் உப்பி இறுகும் என்பது பழைய வைத்தியம். ஒரு நாள் இறுகும். காய்ந்ததும் முன்பைவிட மோசமாகத் தளரும். தளர்ந்த சக்கரத்தை ஆரக்கால் மாற்றித்தான் எடுத்துப் போக வேண்டும். 1907-இல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை போன போர்கீஸ் இளவரசரின் இட்டாலா காருக்கு ரஷ்யாவில் சக்கரம் உடைந்தபோது ஒரு கிராமத்துத் தச்சர் கோடரியை வைத்தே சரிசெய்து கொடுத்தார். அப்போது வண்டிச்சக்கரம் செய்யும் ஆள் ஊருக்கு ஊர் இருந்தார். இன்று தேடினால் கிடைக்க மாட்டார்.

டயர்

பழைய கிளிஞ்சர் டயர் கம்பியாலோ போல்ட்டாலோ ரிம்மில் நிற்பதில்லை. காற்றழுத்தம் டயரின் தடித்த விளிம்பை ரிம்மின் வளைந்த உதட்டுக்குள் தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முன்னால் 30x3 அங்குலம், பின்னால் 30x3½ அங்குலம் என்றால் 55 முதல் 60 பவுண்டு அழுத்தம் வேண்டும். மென்மையாகப் போகலாமே என்று 40-க்கு இறக்கினால் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றும், டியூபையும் கூடவே இழுக்கும், வால்வுத் தண்டு அடியோடு கிழியும். வால்வுத் தண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் அதற்கு இதுதான் பொருள்; காற்றை இறக்கி டயரை நகர்த்தி நேராக்குங்கள். 1926-க்குப் பிந்தைய 21 அங்குல பலூன் டயருக்கு (குறைந்த அழுத்தத்தில் ஓடும் பருத்த டயர்) 30 முதல் 35 பவுண்டு போதும்.

ஆரம்பகால கார்களில் ரிம் கழலாது. பஞ்சர் என்றால் சாலையோரத்திலேயே, சக்கரம் காரில் இருக்கும்போதே டயரைக் கழற்ற வேண்டும். வீட்டில் ஒருமுறையாவது செய்து பழகுங்கள். டயரை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்துச் சூடாக்கினால் ரப்பர் இளகும், கை வலிக்காது. ரிம்மின் உதட்டில் துரு இருந்தால் தேய்த்து எடுங்கள், அதுதான் டியூபை அறுக்கும். டியூபுக்குக் கொஞ்சம் காற்றூட்டி வட்டமாக நிற்க வைத்து, டால்கம் பவுடர் தூவி, வால்வை முதலில் துளையில் நுழைத்து, வால்வுக்கு நேர் எதிரே கடைசி விளிம்பு வரும்படி லீவர் போடுங்கள். மூன்று லீவர் தேவை: இரண்டு பிடித்துக்கொள்ள, ஒன்று நகர்த்த. காற்றை முதலில் 15 பவுண்டு வரை அடித்து நிறுத்தி, சுற்றிலும் விளிம்பு உதட்டுக்குள் ஒரே சீராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டியூப் நடுவில் மாட்டியிருந்தால் இப்போதே தெரியும்.

1909-இல் மேக்ஸ்வெல் காரில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 59 நாளில் போன ஆலிஸ் ராம்சே வழியில் 11 முறை டயர் மாற்றினார். இன்றைய சாலையில் அத்தனை வராது. இரண்டு டியூபும் ஒரு டயரும் எடுத்துக்கொண்டால் போதும்.

தீப்பொறி

ஃப்ளைவீலில் 16 காந்தங்கள் திருகி வைக்கப்பட்டிருக்கும். அவை 16 சுருள்கள் கொண்ட நிலையான வளையத்துக்கு எதிரே சுழன்று மின்சாரம் தரும். மேக்னட்டோ என்பது இதுதான். எஞ்சின் முன்னால் உள்ள டைமர் அதை முறைபோட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி உண்டாக்கும் நான்கு காயில்களுக்கு அனுப்பும். ஒவ்வொரு காயிலின் தலையிலும் ஓர் அதிரும் தகடு. ஸ்விட்ச் போட்டதும் கேட்கும் அந்த 'ஸ்ஸ்ர்ர்' சத்தம் அதுதான். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-2-4-3.

காயில் முனைகளின் இடைவெளி 1/32 அங்குலம். காயிலைச் சரியாக அமைப்பது என்றால் அதற்கென்று உள்ள சோதனைக் கருவியில் வைத்து 1.3 ஆம்பியருக்குக் கொண்டுவருவது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருகைத் திருப்புவது வேலைக்கு ஆகாது. புறப்படும் முன் நான்கையும், உதிரியாக ஐந்தாவதையும் அப்படி அமைத்து வாங்கிவிடுங்கள். வழியில் திருகைத் தொடாதீர்கள், சந்தேகம் வந்தால் காயிலையே மாற்றிப் போடுங்கள்.

டைமரில் இரண்டு வகை. பழைய உருளை வகைக்குத் தினமும் சில சொட்டு எண்ணெய் வேண்டும். இல்லாவிட்டால் பாதை குழிவிழுந்து உருளை துள்ளும், வேகத்தில் எஞ்சின் விட்டு விட்டு எரியும். பிற்கால பிரஷ் வகைக்கு எண்ணெய் ஆகாது, துடைத்து உலர்வாக வைக்க வேண்டும். உங்களுடையது எது என்று திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கியர் பெட்டி மூடியின் மேல் இருக்கும் மேக்னட்டோ முனையைக் கழற்றி அடியில் பாருங்கள். பட்டைகளிலிருந்து உதிர்ந்த பஞ்சும் கரியும் அங்கே சேர்ந்து தொடர்பைக் கெடுக்கும். மேக்னட்டோ செத்துவிட்டது என்று எஞ்சினையே இறக்கியவர்களில் பலருக்கு இதைத் துடைத்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும். ஒரு 6 வோல்ட் பேட்டரியையும் கூடவே வையுங்கள். மேக்னட்டோ நின்றாலும் பேட்டரியில் ஓடலாம். ஆனால் பேட்டரி வயர் தவறிப்போய் அந்த மேக்னட்டோ முனையில் பட்டால் சுருள்கள் வழியே மின்சாரம் பாய்ந்து காந்தங்களின் சக்தி போய்விடும். அந்த முனைக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

எண்ணெய், தண்ணீர், பெட்ரோல்

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெய், சுமார் 3.8 லிட்டர். பம்ப் கிடையாது. ஃப்ளைவீல் வாரி இறைப்பதில் ஒரு பகுதி சிறு குழாய் வழியே முன்பக்கம் போகும், அங்கிருந்து பின்னோக்கி வழியும். ஃப்ளைவீல் பகுதியின் அடியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு குழாய்த்திருகுகள் உண்டு. எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து மேல் திருகைத் திறந்தால் சொட்ட வேண்டும். கீழ்த் திருகில் சொட்டவில்லை என்றால் ஓர் அடிகூட ஓட்டக் கூடாது. நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் எல்லாம் பின்னால் வழிந்து முன்பக்கத்து முதல் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) காயும். உள் குழாயில் பட்டைப் பஞ்சு அடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். வெளியே இன்னொரு எண்ணெய்க் குழாய் பொருத்துவது இதற்காகத்தான். மலைப்பயணம் என்றால் தயங்காமல் போடுங்கள். ஃபில்டர் இல்லாததால் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும்.

தண்ணீருக்கும் பம்ப் இல்லை. சூடான நீர் தானே மேலேறி, ரேடியேட்டரில் குளிர்ந்து, தானே கீழிறங்கும். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் நுழையும் வாயைத் தண்ணீர் மூடியிருந்தால்தான் இந்தச் சுற்று நடக்கும். அரை லிட்டர் குறைந்தாலும் சுற்று நின்று கொதிக்கத் தொடங்கும். தனியாக வாங்கி மாட்டும் தண்ணீர் பம்பை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அடைத்துப்போன ரேடியேட்டரை அது கொஞ்ச நாள் மறைத்து வைக்கும், பிறகு அதுவும் ஒழுகும். ரேடியேட்டரின் செதில்கள் குழாயிலிருந்து விட்டுப்போய்க் கலகலத்தால் உள்ளே எவ்வளவு கழுவினாலும் வெப்பம் வெளியேறாது. புதிய ரேடியேட்டர்தான் வழி.

பெட்ரோல் டேங்க் பெரும்பாலான டூரிங் கார்களில் முன் இருக்கைக்கு அடியில், சுமார் 38 லிட்டர். எத்தனால் கலந்த பெட்ரோல், கார்புரேட்டரின் தக்கை மிதவை மேல் பூசிய அரக்கைக் கரைக்கும். மிதவை கனத்து மூழ்கி, கார்புரேட்டர் வழியும். இன்றைய பூச்சு பூசிய மிதவையாக மாற்றிவிடுங்கள். லிட்டருக்கு 6 முதல் 9 கிலோமீட்டர் கிடைக்கும், ஆனாலும் 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரு டேங்கை நம்பாதீர்கள். காரணம் ஏற்றத்தைப் பேசும்போது வரும்.

மூன்று பட்டைகள்

லோ (முன்னுக்குள்ள இரண்டில் மெதுவான கியர்), ரிவர்ஸ், பிரேக் மூன்றுக்கும் கியர் பெட்டிக்குள் ஆளுக்கொரு பட்டை. லோ பட்டையை வெளியிலிருந்தே இறுக்கலாம்: மூடியின் வலப்பக்கத்து லாக் நட்டைத் தளர்த்தி, திருகை உள்ளே திருப்பி, மறுபடி பூட்டுங்கள். இடது பெடல் தரைப்பலகையைத் தொடும் முன்பே லோ முழுசாகப் பிடிக்க வேண்டும். அதற்காக அதிகமாக இறுக்கினால் பட்டை எப்போதும் உரசி, பெடல் பாதியில் இருக்கும்போதும் கார் ஊரும். மற்ற இரண்டுக்கும் மேல்மூடியைத் திறக்க வேண்டும். திறந்த உடனே இடுக்குகளில் சுத்தமான துணியைத் திணித்து, அதன் வாலை வெளியே தொங்கவிட்ட பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். உள்ளே விழுந்த ஒரு நட்டு காந்தங்களுக்கு நடுவே போனால் பயணம் அத்தோடு முடிந்தது.

பருத்திப் பட்டை மென்மையாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும், பஞ்சு உதிர்க்கும். கெவ்லர் என்ற செயற்கை இழைப் பட்டை பல்லாண்டு உழைக்கும், ஆனால் வழுக்கவிட்டுச் சூடேற்றினால் தான் தப்பித்து டிரம்மைக் கெடுக்கும். கால் பழகாதவர்களுக்குப் பருத்தியே மேல்.

ஹேண்டில்

ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்க லீவர் தீப்பொறியின் நேரம், வலப்பக்க லீவர் பெட்ரோல். இதை மாற்றி நினைத்தால் கை எலும்பு போகும். எஞ்சினை ஹேண்டில் சுற்றிக் கையால் கிளப்பும் முறை இது: கைப்பிரேக் லீவரை முழுக்கப் பின்னால் இழுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். தீப்பொறி லீவரை முழுக்க மேலே தள்ளுங்கள், அதாவது தாமத நிலை. பெட்ரோல் லீவரை நாலைந்து பல் கீழே இறக்குங்கள். ஸ்விட்ச் அணைந்திருக்க, ரேடியேட்டர் பக்கத்திலுள்ள சோக் கம்பியை இழுத்துப் பிடித்து ஹேண்டிலை இரண்டு மூன்று கால்சுற்று இழுங்கள். பிறகு ஸ்விட்சைப் போட்டு, தீப்பொறி லீவர் மேலேதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இடது கை. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. மேலிருந்து கீழே அழுத்துவதும் முழுச் சுற்று சுழற்றுவதும் வேண்டாம். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் விரல்களைத் திறந்துகொண்டு தானே விலகிப் போகும். எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் தீப்பொறி லீவரைக் கீழே கொண்டுவாருங்கள்.

குளிர்ந்த காலையில் கிளட்ச் தகடுகளுக்கு இடையே எண்ணெய் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் பிடித்ததும் கார் முன்னால் நிற்பவர் மேல் மெல்ல ஏறி வரும். கட்டை கொடுக்கச் சொன்னது இதற்குத்தான். சுற்றவே கனமாக இருந்தால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்ற மூன்றுக்கும் கட்டை கொடுத்து, கைப்பிரேக் லீவரை முன்னால் தள்ளிவிட்டுச் சுற்றுங்கள். தூக்கிய சக்கரம் கூடச் சுழன்று ஃப்ளைவீல்போல உதவும்.

சாலையில்

இடது பெடல் முழுக்கக் கீழே லோ, பாதியில் நடுநிலை, முழுக்க மேலே ஹை. நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பிரேக். இன்றைய கார் ஓட்டிப் பழகிய கால், பதறும்போது இடது பெடலைக் கிளட்ச் என்று நினைத்துத் தரை வரை அழுத்தும். கார் நிற்பதற்குப் பதில் லோவில் பாய்ந்து முன்னே போகும். ஆளில்லாத மைதானத்தில் 50 கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே போக்குவரத்துக்குள் வாருங்கள்.

வசதியான வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். 65 போகும், ஆனால் இந்த மெல்லிய கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அது நெடுநேரம் ஆகாது. ஹையில் திணறத் திணற ஏற்றுவதும் அதே ஷாஃப்ட்டைத்தான் முறிக்கும். வேகம் 25-க்கு இறங்கும்போதே லோவுக்கு வந்துவிடுங்கள். லோவில் பெடலை முழு பலத்தோடு அழுத்தி வையுங்கள், அரைகுறையாக அழுத்தினால் பட்டை கருகும். தீப்பொறி லீவரை எஞ்சின் தட்டாத அளவுக்கு எப்போதும் கீழேயே வையுங்கள். தாமத நிலையில் மறந்து ஓட்டினால் எக்ஸாஸ்ட் பழுக்கும், தண்ணீர் கொதிக்கும். கொதித்த கார்களில் பாதிக்கு ரேடியேட்டரில் ஒரு குறையும் இருக்காது.

செங்குத்தான ஏற்றத்தில் டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வராது, ஏனென்றால் அது தானாக வழிந்துதான் வர வேண்டும். காரைத் திருப்பி ரிவர்ஸில் ஏறுங்கள். டேங்க் உயரும், கூடவே ரிவர்ஸின் விகிதம் 4-க்கு 1, லோவின் 2.75-ஐவிட இழுவை அதிகம்.

இறக்கத்தில் உச்சியிலேயே லோ. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஒரே பெடலை நெடுநேரம் அழுத்தாமல் லோவையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்தால் இரண்டு பட்டையும் மூச்சு விடும். பழைய ஓட்டுநர்கள் மெதுவான வேகத்தில் ரிவர்ஸ் பெடலையும் இலேசாக மிதித்துத் தேய்மானத்தைப் பங்கு போடுவார்கள். கைப்பிரேக் லீவரை இழுத்தால் கிளட்சும் விட்டுப்போகும் என்பதை மறக்க வேண்டாம். எஞ்சினின் பிடியை இழந்துவிடுவீர்கள்.

இருட்டில் ஓட்டாதீர்கள். மேக்னட்டோவில் எரியும் விளக்கு வேகம் குறைந்தால் மங்கும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எவ்வளவு மெதுவாகப் போகிறீர்கள் என்பதே புரியாது. பகலுக்கும் பின்னால் ஒளிரும் முக்கோணமும் பிரேக் விளக்கும் வையுங்கள்.

வழியில் கெடுவது

ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காயில் பெட்டியைத் திறங்கள். அதிரும் தகடுகளை விரலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அழுத்தியதும் எஞ்சின் இன்னும் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது. அழுத்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்தது. எஞ்சினை நிறுத்தி அந்தக் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் இடம் மாறினால் காயில் போயிற்று, உதிரியைப் போடுங்கள். மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து 0.030 அங்குலம் இடைவெளி வையுங்கள். அதுவும் இல்லையென்றால் டைமர் வயர். அந்த வயர் தீப்பொறி லீவரோடு தினமும் அசைவதால் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், பார்த்தால் தெரியாது, இழுத்தால் ரப்பர்போல நீளும்.

கொதித்தால் நிழலில் நிறுத்தி 20 நிமிடம் விடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டோ பிளாக்கோ வெடிக்கும்.

அடியிலிருந்து கனமான 'டொக் டொக்' கேட்டு, பெட்ரோலைக் குறைக்கும்போது அது கூடினால் கனெக்டிங் ராடு பேரிங். உடனே நிறுத்துங்கள். அடித்தட்டின் மூடியைக் கழற்றினால் ராடுகளை எட்டலாம்; தளர்ந்ததில் இரு பக்கமும் ஒவ்வொரு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) எடுத்து இறுக்கி மெதுவாகப் போகலாம். பேபிட் உருகியே போயிருந்தால் லாரியைக் கூப்பிடுங்கள். அந்தக் காலத்தில் இடுப்பு பெல்ட்டை வெட்டித் தோலைச் செருகி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு, ஆனால் அவர்களுக்கு ஷாஃப்ட் மலிவாகக் கிடைத்தது. 1909-இல் நியூயார்க்கிலிருந்து சியாட்டிலுக்கு நடந்த போட்டியில் முதலாவதாக வந்த மாடல் டி, வழியில் எஞ்சினையே மாற்றியது தெரியவந்து பிற்பாடு பரிசை இழந்தது.

எடுத்துப் போக வேண்டியவை: காயில் ஒன்று, டைமரின் உருளை அல்லது பிரஷ், பிளக் இரண்டு, ஃபேன் பெல்ட், ஹோஸும் கிளிப்பும், ஹெட் கேஸ்கட், பல அளவில் காட்டர் பின், கட்டுக்கம்பி, ஷிம், எண்ணெய் 4 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிப் பலகை, தீயணைப்பான். பின் ஆக்சில் பாகம் எதுவும் வேண்டாம்; அது வழியில் கெட்டால் வழியில் சரியாகாது.

மாலையில் நிறுத்தியதும்

இறங்கியவுடன் நான்கு ஹப்பையும் புறங்கையால் தொடுங்கள். மற்றவற்றைவிட ஒன்று சூடாக இருந்தால் அதன் பேரிங்கையோ உரசும் பிரேக்கையோ அன்றைக்கே பாருங்கள். டேங்க் அடியிலுள்ள பெட்ரோல் திருகை மூடுங்கள். கார்புரேட்டர் ஊசி கொஞ்சம் கசிந்தாலும் காலைக்குள் டேங்க் காலியாகும். கிரீஸ் கப்புகளை ஒவ்வொரு சுற்று திருகுங்கள், காலியானதை நிரப்புங்கள். கார் நின்ற இடத்தில் காலையில் கீழே ஓர் அட்டை விரித்திருந்தால் எது எங்கிருந்து சொட்டியது என்று தெரியும். நடுவில் சொட்டுவது மாடல் டி-க்கு இயல்பு, எண்ணெய்த் திருகைப் பார்த்து ஊற்றிக்கொள்ளலாம். பின்சக்கரத்தின் உள்பக்கமாகச் சொட்டியிருந்தால் அன்று மலைச்சாலைக்குப் போகாதீர்கள்.